டுவோலிங்கோவில் ஹை வலிரியன்: வேற்றுமை படித்தவர்களுக்கு ஒரு மதிப்புரை

வல என்றால் ஆடவன். வலா என்றால் ஆடவனிடத்தில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கடைசி உயிரில் கூடும் ஒரு மாத்திரைதான். ஆங்கில எழுத்தில் எழுதினால் தலைக்கு மேலே ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டை விட்டுவிட்டுப் பதில் எழுதினால், மொழி கற்பிக்கும் செயலியான டுவோலிங்கோ பெரும்பாலும் ‘குறியைக் கவனிக்கவும்’ என்று ஓரமாகச் சொல்லிவிட்டு, பச்சை காட்டி அடுத்த கேள்விக்குப் போய்விடும். ஸ்பானிய மொழிக்கு அந்தத் தாராளம் போகட்டும். வேற்றுமையையே நெடிலில் ஒளித்துவைத்திருக்கும் மொழிக்கு அதே தாராளம் காட்டினால், படிப்பவர் பாதித் தூரம் வந்தபிறகுதான் தாம் எதைப் படிக்கவில்லை என்று கண்டுபிடிப்பார்.

பாடத்தின் பின்னணி சுருக்கமாக. ஹை வலிரியன் ஒரு கற்பனை உலகத்தின் செம்மொழி. மூலக் கதையை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் அந்த மொழியில் தந்தது சில பெயர்களும் ஒரு கைப்பிடித் தொடர்களும் மட்டுமே. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடருக்காக அவற்றிலிருந்து முழு இலக்கணத்தையும் கட்டி எழுப்பியவர் டேவிட் பீட்டர்சன். திரையில் மொழி முழுமையாக ஒலித்தது 2013இல் வந்த மூன்றாம் பருவத்தில். 2017இல் டுவோலிங்கோவில் இலவசப் பாடமாகச் சேர்ந்தது, அதையும் அமைத்தவர் பீட்டர்சனே. பாடம் ஆங்கிலம் வழியாக மட்டும்தான். சிங்கப்பூர்த் தமிழருக்கு ஆங்கிலம் தடையில்லை. ஆனால் ஆங்கிலம் வழியாக நுழைவதால் நமக்குச் சுலபமாக வரவேண்டியவை கடினமாகத் தோன்றும், உண்மையில் கடினமானவை கண்ணில் படாமலே போகும். இந்த மதிப்புரை முழுக்க அந்த ஒரு கோளாறைப் பற்றியதுதான்.

முதலில் ஒலி. ஹை வலிரியனில் குறில் நெடில் வேறுபாடு பொருளை மாற்றும். அ ஆ, இ ஈ, உ ஊ, எ ஏ, ஒ ஓ என்ற ஐந்து ஜோடியும் அப்படியே உண்டு. எகர ஒகரங்களுக்குக் குறிலும் நெடிலும் தனித்தனி எழுத்தாக வைத்திருக்கும் தமிழ் எழுத்து, இந்த இடத்தில் தேவநாகரியைவிட வசதியானது. மேலே கோடு போட்ட ஆங்கில எழுத்தைப் பார்த்ததும் மனத்துக்குள் தமிழ் நெடிலாக மாற்றிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஆறாவது ஜோடி ஒன்று இருக்கிறது. அதற்குத் தமிழில் எழுத்து இல்லை. இ சொல்லும் நிலையில் நாக்கை வைத்துக்கொண்டு, அதை அசைக்காமல், உதட்டை மட்டும் உ சொல்வதுபோல் குவிக்க வேண்டும். பிரெஞ்சு படித்தவர்களுக்குப் பழகிய ஒலி. ஆங்கில எழுத்தில் இதை ‘ஒய்’ என்று எழுதுவதால் தமிழர் வாயில் இது யகரமாகவோ சாதாரண இகரமாகவோ வந்துவிடும். ‘காது’, ‘பாட்டு’ என்பவற்றின் கடைசிக் குற்றியலுகரம் இதற்குப் பக்கத்து ஒலி என்று நினைத்துவிடக் கூடாது. அது நேர் எதிர்: அங்கே நாக்கு பின்னே, உதடு தட்டை, இங்கே நாக்கு முன்னே, உதடு குவிந்தது. அரசனைக் குறிக்கும் தாரிஸ், நெருப்பைக் குறிக்கும் பெர்ஸிஸ் இரண்டின் கடைசி அசையிலும் இருப்பது இந்த உயிர்தான்.

மெய்யொலிகளில் மூன்று இடம் கவனிக்க வேண்டியவை. ஒன்று, தொண்டையை ஒட்டி, உள்நாக்கில் பிறக்கும் ககரம். இன்னொன்று காற்று உரசிக்கொண்டே வரும் ககரம். மோர்கூலிஸ் என்ற சொல்லில் வருவது. குர்ஆன் ஓதப் பழகியவர்களுக்கு இவை இரண்டும் புதிதல்ல, காஃப் எழுத்தும் கைன் எழுத்தும் ஏறக்குறைய இங்கேதான் பிறக்கின்றன. மற்றவர்கள் இரண்டாவதற்கு ‘மகன்’, ‘அகம்’ என்று வேகமாகச் சொல்லிப் பார்க்கலாம். பலர் வாயில் நடுவில் வரும் ககரம் தானாகவே உரசும். அதையே கொஞ்சம் அழுத்தினால் போதும். மூன்றாவது, குரல் இல்லாத ரகரம். ‘ர்ர்’ என்று உருட்டிக்கொண்டே கிசுகிசுப்பாகப் பேசினால் வரும். ஞகரம் அப்படியே நம் ஞகரம். அம்மாவுக்கு முஞ, என்னுடைய என்பதற்கு ஞுஹ. ஆங்கிலம் பேசுகிறவர்கள் திணறும் இந்த இடத்தைத் தமிழர் கவனிக்காமலே தாண்டிவிடுவார்கள்.

ஆனால் நமக்கே உரிய மூன்று பழக்கங்கள் இங்கே காலை வாரும். தமிழில் உயிருக்கு நடுவே ஒற்றை வல்லினம் வந்தால் மெலிந்துவிடும். அப்பாவைக் குறிக்கும் கெப என்ற சொல்லை நாம் சொன்னால் நடு எழுத்து ‘கபம்’ என்பதில் வருவதுபோல் ஆகிவிடும். அது தவறு, ‘பல்’ என்பதன் முதலெழுத்துப்போல் வன்மையாகவே நிற்க வேண்டும். அதேசமயம் ‘கெப்ப’ என்று இரட்டிக்கவும் கூடாது. இரண்டாவது, மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினம். வீரனுக்கு அஸன்திஸ். தமிழ் நாக்கு இதைப் ‘பந்து’ என்பதைப்போல் சொல்லத் துடிக்கும். தகரத்தை ‘தலை’யின் தகரமாகவே வைத்திருக்கப் பழக வேண்டும். மூன்றாவது, மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின்னால் நாம் சேர்க்கும் உகரம். ‘பஸ்’ நம்மிடம் ‘பஸ்ஸு’ ஆவதுபோல, ஆடவனுக்கு என்ற பொருளில் வரும் வலொத் என்பது வலொத்து ஆகிவிடும். தகரத்தில் நாக்கை ஒட்டிவைத்து அங்கேயே நிறுத்திவிடுங்கள். இந்த மூன்றையும் டுவோலிங்கோ சொல்லித்தராது, ஏனென்றால் இவை ஆங்கிலம் பேசுகிறவர் செய்யும் தவறுகள் அல்ல.

இனி வேற்றுமை. தாய்மொழிப் பாடத்தில் கோடிட்ட இடத்தில் உருபு நிரப்பி வளர்ந்தவர்களுக்கு இது சொந்த ஊர். ஆங்கிலேயருக்கு ‘எட்டு வேற்றுமை’ என்றதும் வயிற்றைக் கலக்கும். நமக்கும் எட்டுத்தான். ஆடவன் என்ற சொல்லின் ஒருமை வடிவங்கள் இவை: எழுவாய் வல, செயப்படுபொருள் வலெ, உடைமை வலொ, ‘கு’ வலொத், இடம் வலா, கருவி வலொஸ, உடனிகழ்ச்சி வலொம, விளி வலுஸ்.

எண்ணிக்கை ஒன்றானாலும் பங்கீடு ஒன்றல்ல. நம் மூன்றாம் வேற்றுமை ஆல், ஓடு இரண்டையும் ஒரே கூரைக்குள் வைத்திருக்கிறது. வலிரியன் அதை இரண்டாகப் பிரித்துவிட்டது: ‘ஆடவனால்’ வலொஸ, ‘ஆடவனோடு’ வலொம. மறுபக்கம், நம் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கல் பொருளுக்கு அங்கே தனி உருபே கிடையாது. ஹென் என்ற சொல்லைப் பெயருக்கு முன்னால் வைத்துத்தான் ‘இலிருந்து’ என்று சொல்ல வேண்டும். ஆங்கிலம் வழியாகப் படித்தால் இந்தக் கருவி, உடனிகழ்ச்சி வேறுபாடு எளிதில் குழம்பும், ஏனென்றால் ஆங்கிலத்தில் ‘வாளால் வெட்டினான்’, ‘நண்பனோடு வந்தான்’ இரண்டுக்கும் ஒரே இடைச்சொல். ஆங்கிலக் கேள்வியைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்து, ஆல் வருகிறதா ஓடு வருகிறதா என்று கேட்டுக்கொண்டால் அந்தக் குழப்பம் வராது.

செயலி இந்த எட்டையும் ஒரு அட்டவணையாக முன்னால் வைப்பதில்லை. பாடத்துக்குப் பாடம் ஒன்றிரண்டாக, வாக்கியங்களுக்குள் புதைத்துத் தருகிறது. விளக்கத்தைவிடப் பயிற்சியை நம்பும் செயலி அது. பேச்சு மொழிக்கு அந்த முறை ஒத்துவரும், இந்த மொழிக்கு ஒத்துவராது. ஆகவே செயலியைத் தொடும் முன்னரே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்வது நல்லது. முதலில் வல, முஞ, கெப, பெண்ணைக் குறிக்கும் ஆப்ர, சிறுமியைக் குறிக்கும் ரிஞ என்ற ஐந்து சொல் மட்டும். ஐந்தும் அகரத்தில் முடிகின்றன, ஐந்தும் ஒரே வகையில் மாறுகின்றன. ஐந்து சொல், எட்டு வேற்றுமை, ஒருமை மட்டும்: நாற்பது வடிவம். ஒரு நாளைக்கு ஒரு வேற்றுமை என்று வைத்தால் எட்டு நாள். அதன்பிறகு செயலியின் வாக்கியங்கள் தானாகவே பிரிந்து தெரியும்: முஞொ என்று கண்டால் ‘அம்மாவின்’, முஞொத் என்று கண்டால் ‘அம்மாவுக்கு’. தாய்மொழி என்பதற்கு வலிரியனில் முஞொ ஏங்கொஸ், சொல்லுக்குச் சொல் ‘அம்மாவின் நாக்கு’. நம் பள்ளிகளில் தாய்மொழி என்று ஒரு பாடமே இருப்பதால் இந்தத் தொடர் மட்டும் யாருக்கும் மறக்காது.

அடுத்தபடியாகத் தாரிஸ், அஸன்திஸ், பெர்ஸிஸ். மூன்றும் ஒரே முடிவு, வேறு அட்டவணை. அதற்குப் பிறகு குருதியைக் குறிக்கும் ஆனொகர், தண்ணீரைக் குறிக்கும் இயேதர். ஒருமை கைக்கு வந்தபிறகுதான் பன்மை. பன்மையில் சில வேற்றுமை வடிவங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன என்பதால், பன்மையை முதலில் தொட்டவர்களுக்கு ஒருமையும் குழம்பும்.

பால் பகுப்பு நமக்கு முற்றிலும் புதிது. நம் திணையும் பாலும் பொருளைப் பார்ப்பவை. மனிதரா, மற்றதா, ஆணா, பெண்ணா என்று. வலிரியனில் நான்கு பிரிவு: சந்திரன், சூரியன், நிலம், நீர். பெயரைக் கேட்டால் தத்துவம்போல் இருக்கும். உண்மையில் அது சொல்லின் கடைசி ஒலியைப் பார்க்கும் ஏற்பாடு. சந்திரனுக்கு ஹூர, உயிரில் முடிகிறது. அப்படி முடிபவை பெரும்பாலும் சந்திரப் பிரிவு. சூரியனுக்கு வேஸொஸ், ஸகரத்தில் முடிபவை சூரியப் பிரிவு. நிலம் தெகொன், னகரம். கடல் எம்பர், ரகரம். இந்த நான்கு சொல்லையும் மனப்பாடம் செய்தால் புதுச் சொல் எதைக் கண்டாலும் பெரும்பாலும் அதன் பிரிவை ஊகித்துவிடலாம். ஆடவனும் பெண்ணும் இரண்டுமே சந்திரப் பிரிவு. அரசன் சூரியன், அரசி தாரிய சந்திரன். இதில் ஆண் பெண் ஒழுங்கைத் தேடினால் நேரம்தான் வீண்.

இந்தப் பிரிவு எதற்குத் தேவை என்றால், பெயரடைக்கு. பாடத்திலேயே தமிழர் அதிகம் அடிபடும் இடம் இது. நம் மொழியில் ‘என்’, ‘நல்ல’, ‘பெரிய’ எதுவும் எந்தப் பெயருக்கு முன் வந்தாலும் அசையாது. வலிரியனில் ‘என்’ என்ற ஒரே சொல், அம்மாவோடு சேர்ந்தால் ஞுஹ, அரசனோடு சேர்ந்தால் ஞுஹிஸ், நிலத்தோடு ஞுஹொன், தண்ணீரோடு ஞுஹொர். பெயர் வேற்றுமை ஏற்றால் அடையும் கூடவே ஏற்கும். எல்லா அடைகளும் இந்த நான்கு வேறுபாட்டையும் காட்டுவதில்லை, வகைக்கு வகை மாறும். ஆங்கிலத்திலும் அடை அசையாது என்பதால் செயலியின் கேள்வியில் இதற்கு எந்தத் துப்பும் இருக்காது. நோட்டில் ஒவ்வொரு புதுப் பெயருக்குப் பக்கத்திலும் ‘என்’ சேர்த்தே எழுதிவைப்பது ஒன்றுதான் வழி. தாரிஸ் என்று தனியாக எழுத வேண்டாம், ஞுஹிஸ் தாரிஸ் என்று எழுதுங்கள். ஜெர்மன் படிப்பவர்கள் பெயரோடு சேர்த்து முன்னொட்டுச் சொல்லையும் மனப்பாடம் செய்வது இதே காரணத்தால்தான்.

எண் நான்கு வகை. ஒருமை வல, பன்மை வலி, ‘சில ஆடவர்’ வலுன், ‘ஆடவர் அனைவரும்’ வலர். கடைசியிலிருந்துதான் இந்த மொழியே பிறந்தது என்று சொல்லலாம். மூலக் கதையில் இருந்த ‘வலர் மோர்கூலிஸ்’ என்ற தொடருக்கு ‘எல்லா மனிதரும் சாகவேண்டும்’ என்று பொருள் தரப்பட்டிருந்தது. இரண்டே சொல்லில் ‘எல்லா’ எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு விடையாகத் தொகுதி எண்ணைப் பீட்டர்சன் அமைத்தார். தொகுதிப் பெயர் வந்தால் வினை ஒருமையில் நிற்கும். ஆங்கிலத்தில் யோசித்தால் இது விசித்திரம். தமிழில் யோசித்தால், வீரன் என்ற அஸன்திஸ், தொகுதியில் அஸன்திர் ஆகும்போது ‘படை’ என்று பொருள் வருகிறது. படை வந்தது என்றுதானே சொல்கிறோம், படை வந்தன என்றா? வலுன் போன்ற ‘சில’ வடிவத்துக்கு மட்டும் நம்மிடம் ஒப்பு இல்லை. ஆங்கிலக் கேள்வியில் ‘சில’ என்ற பொருள் கண்ணில் பட்டால் அந்தக் கட்டத்தைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

வினைக்கு வரலாம். வாக்கியத்தின் கடைசியில் வினை, எழுவாயை விட்டுவிட்டாலும் விகுதி காட்டிக்கொடுக்கும். இருக்கிறேன் என்பதற்கு இக்ஸன், நீ இருக்கிறாய் இக்ஸா, அவன் அல்லது அது இஸ்ஸ, நாம் இக்ஸி, நீங்கள் இக்ஸாத், அவர்கள் இஸ்ஸி. தமிழர் இதை ஒரு மாலையில் முடித்துவிடுவார்கள். சிக்கல் கேள்வித்தாளில். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் கேள்வி எதைக் கேட்கிறது என்று சில நேரம் ஊகிக்கத்தான் வேண்டும். நாம், நாங்கள் வேறுபாடு வலிரியனில் இல்லை. தமிழும் மலாயும் வைத்திருக்கும் அந்த நுட்பத்தை இங்கே தேட வேண்டாம்.

எதிர்மறை அழகு. ‘வீரன் அரசன்’ என்பதற்கு அஸன்திஸ் தாரிஸ் இஸ்ஸ. ‘அல்ல’ என்றாக்க, தாஒர் என்ற சொல்லை வினைக்குப் பின்னால் போடுவதோடு வினையின் வடிவத்தையும் மாற்ற வேண்டும்: அஸன்திஸ் தாரிஸ் இக்ஸொஸ் தாஒர். ‘வந்தான்’ என்பது ‘வந்தான் இல்லை’ ஆகாமல் ‘வரவில்லை’ ஆவதைப்போல. இஸ்ஸ தாஒர் என்று எழுதுவதுதான் ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் பிழை.

பொது உண்மைக்கென்று ஒரு தனிக் காலம் இருக்கிறது. மோர்கூலிஸ் அந்த வடிவம்தான். ஆங்கிலப் பாடங்களில் இதற்குக் கிரேக்க இலக்கணத்திலிருந்து எடுத்த பெயர் ஒன்றைச் சொல்லி ஆளை மிரட்டுவார்கள். ‘சூரியன் கிழக்கில் உதிக்கும்’ என்பதில் இருக்கும் ‘உதிக்கும்’ அது. இன்று உதிக்கிறது என்றோ நாளை உதிக்கும் என்றோ அல்லாமல், எப்போதும் அப்படித்தான் என்று சொல்வது.

எல்லாவற்றையும்விட நமக்குச் சாதகமான இடம் பெயரெச்சம். ஆங்கிலத்தில் ‘ஆடவன், எவன் கையில் பிடித்திருக்கிறானோ’ என்று பெயருக்குப் பின்னால் தொடங்கும் தொடர், வலிரியனில் பெயருக்கு முன்னால், வினையில் முடிந்து வருகிறது. பிலொஸ் லுஎ வலெ: கையில் பிடித்திருக்கிற ஆடவனை. நம் பெயரெச்ச விகுதி ‘அ’ செய்யும் வேலையை லுஎ தனிச்சொல்லாக நின்று செய்கிறது. கூடவே ஆடவனின் இரண்டாம் வேற்றுமையையும் அது ஏற்றிருக்கிறது. இந்த அமைப்பை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கச் சொல்லும் கேள்வியில், திரையில் தரப்படும் சொற்கட்டைகளைத் தட்டித் தட்டி ஆங்கில வரிசைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. வலிரியன் வாக்கியத்தைத் தமிழில் படித்தால் வலமிருந்து இடம் திரும்பவே தேவையில்லை. அதை ஆங்கிலமாக்குவதில்தான் பிழை வரும், அதுவும் ‘ஒரு’, ‘அந்த’ என்ற ஆங்கில முன்சொற்களில். வலிரியனில் அவை கிடையவே கிடையாது. ஒரு தமிழர் வலிரியனைச் சரியாகப் புரிந்துகொண்டும் ஆங்கிலத்தில் இடறி விழுவது இந்தப் பாடத்தின் தனி வேடிக்கை.

உம்மைக்கு ஒரு வரி. ‘நெருப்பும் குருதியும்’ என்பதற்குப் பெர்ஸிஸ் ஆனொகார். தனியே நின்றால் ஆனொகர். சேர்க்கும்போது கடைசிச் சொல்லின் கடைசி உயிர் நீள்கிறது. நம் உம்மை இரண்டு சொல்லிலும் வரும், இங்கே இரண்டாவதில் மட்டும். ஆடவனும் பெண்ணும், வல ஆப்ரா. ஆக, ஒரே நெடில் இடவேற்றுமையாகவும் இருக்கலாம், உம்மையாகவும் இருக்கலாம். கோட்டை மன்னித்துவிடும் செயலியைப் பற்றி முதல் பத்தியில் வைத்த புகார் வெறும் நுணுக்கம் பிடித்த புகார் இல்லை என்பது இப்போது தெரியும்.

அந்தக் கோட்டை எப்படித் தட்டுவது என்பதற்கு வழி எளிது. கணினியிலும் கைப்பேசியிலும் நியூசிலாந்தின் மாவோரி மொழி விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மொழிக்கும் இதே நெடில் கோடு தேவை. விண்டோஸில் எண் ஒன்றுக்கு இடப்பக்கம் உள்ள விசையைத் தட்டிவிட்டு உயிரெழுத்தைத் தட்டினால் கோடு விழும். உதடு குவிந்த அந்த ஆறாவது உயிரின் நெடில் மட்டும் மாவோரியில் இல்லை. அதை எங்கிருந்தாவது ஒருமுறை நகலெடுத்து, கைப்பேசியின் குறுக்குவழிச் சொற்களில் சேமித்துவைப்பதே நடைமுறை. பிறகு சொற்கட்டை முறையை அணைத்துவிட்டு, விசைப்பலகையால் பதில் எழுதும் முறைக்கு மாறுங்கள். கட்டைகளில் கோடுகள் ஏற்கெனவே போட்டே இருக்கும் என்பதால், தட்டுகிறவர் எதையும் கற்பதில்லை. ஜூரோங் ஈஸ்டிலிருந்து சிட்டி ஹால் வரை ரயிலில் நின்றுகொண்டு ஒரு கையால் கட்டைகளைத் தட்டி மூன்று நான்கு பாடம் முடித்துவிடலாம்தான். அப்படி முடித்த பாடத்தை வீட்டில் ஒருமுறை தட்டச்சில் திரும்பச் செய்யாவிட்டால் அது கணக்கில் சேராது.

பக்கத்திலேயே அதே செயலியில், 2018இல் வந்த கிளிங்கன் பாடமும் உண்டு. ‘ஸ்டார் ட்ரெக்’ விண்வெளிக் கதைக்காக மார்க் ஓக்ராண்ட் அமைத்த மொழி, அகராதி 1985இல் வெளிவந்தது. செயப்படுபொருள், வினை, எழுவாய் என்று வரிசை தலைகீழ். ஒலியில் நமக்கு இரண்டு இனாம்: அதன் டகரமும் ஷகரமும் நாநுனி வளைந்தே பிறப்பவை, ஆங்கிலேயர் மாதக்கணக்கில் பழகுவதை நாம் ‘வண்டி’ என்று சொல்லும்போதே செய்துவிடுகிறோம். பன்மை விகுதி மூன்று: பேசத் தெரிந்தவர்களுக்கு ஒன்று, உடலுறுப்புகளுக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று. உயர்திணை, அஃறிணை என்று படித்தவர்களுக்கு முதலாவதையும் மூன்றாவதையும் விளக்கவே வேண்டாம். தட்டச்சில் மட்டும் எச்சரிக்கை: அந்த மொழியில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு ஒலிகள், மேற்கோள் குறிகூட ஓர் எழுத்து. கைப்பேசியின் தானியங்கிப் பெரிய எழுத்தையும் தானியங்கித் திருத்தத்தையும் அணைக்காமல் தொடங்கினால் சரியான பதிலும் தவறாகிவிடலாம். பிடித்துப்போனால் படிக்கலாம், தமிழருக்கு ஆதாயம் வலிரியனில்தான் அதிகம்.

பணம் கட்டலாமா என்றால், இந்தப் பாடத்துக்குத் தேவையில்லை. கட்டணப் பிரிவு விளம்பரத்தையும் தடைகளையும் நீக்கும், இலக்கண அட்டவணையைத் தராது. பாடம் பெரிதும் இல்லை. தினம் பதினைந்து நிமிடம் வைத்தால் இலவசப் பிரிவிலேயே சில மாதங்களில் முடித்துவிடலாம். ஐந்துக்கு மதிப்பெண் கேட்டால், மொழிக்கு நாலரை, வாக்கியத் தொகுப்புக்கு நாலு, கற்பிக்கும் முறைக்கு இரண்டு. சொந்தமாக ஒரு கற்பனை மொழி அமைக்க நினைப்பவர்களுக்கு, குறிப்பாக உயர்நிலைப் பள்ளியில் கதை எழுதும் பிள்ளைகளுக்கு, முதல் பாதி போதும். வேற்றுமை எட்டாக இருந்தும் ஒவ்வொன்றும் ஏன் தேவைப்படுகிறது, பால் எப்படி ஒலியிலிருந்து கிளம்புகிறது என்று பார்த்துவிட்டால், அடுத்தடுத்த பாடங்களில் சொல் மட்டும்தான் கூடும்.

நோட்டில் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்த மதிப்புரையில் இருப்பதுபோல் எழுதினால் ககரம் ஒன்றே நான்கு ஒலிக்கு நிற்கும், பிறகு படிக்கும்போது எது எது என்று தெரியாது. சமஸ்கிருதத் தோத்திரப் புத்தகங்களில் தலையில் எண் போடும் பழைய உத்தியை எடுத்துக்கொள்ளலாம். சாதாரண க வன்மையான ஒலிக்கு, க³ ‘தங்கம்’ என்பதில் வரும் ஒலிக்கு, க⁴ உரசும் ஒலிக்கு, ஃக உள்நாக்கு ஒலிக்கு. அதேபோல் த³, ப³. குரலற்ற ரகரத்துக்கு ஃர, அதிரும் ஸகரத்துக்கு ஃஸ. உதடு குவிந்த இகரத்துக்கு இகரத்தின் கீழே ஒரு புள்ளி வைத்தால் போதும். அப்படி எழுதினால் அரசன் த³ாரிஸ் ஆவான், ரிகரத்தின் கீழே புள்ளியோடு. எண்ணைத் துணைக்காலுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். பாதி நோட்டில் மாற்றினால் தேடுவது பெரும்பாடு.